ஒரு கிராம் கரியில் அரை ஏக்கர்

கரியோடு வேலை செய்கிறவர்களைத் தெருவில் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. காதுமடலுக்குப் பின்னால் இருக்கும், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் வரும். விடுதியில் என் தலையணை உறையைத் தங்கள் துணியோடு சேர்த்து மெஷினில் போட யாரும் விடமாட்டார்கள். ஆராய்ச்சி மாணவி என்று சொல்லிக்கொண்டு திருவனந்தபுரத்தில் நான் செய்தது பெரும்பாலும் கழுவுகிற வேலைதான். சிரட்டையைக் கழுவினேன், கரியைக் கழுவினேன், கரி இருந்த பாத்திரங்களைக் கழுவினேன். இதற்கா எம்.எஸ்ஸி. படித்தாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டே கழுவினேன்.

தேங்காய்ச் சிரட்டையிலிருந்து நுண்துளைக் கரி செய்வதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. சிரட்டையைப் பொடித்துக் குழாய் மாதிரியான மின் உலைக்குள் வைத்து, காற்றுப் படாமல் நைட்ரஜனை ஓடவிட்டுச் சூடாக்கினால் அது எரியாமல் கரியாகும். அந்தக் கரியை இன்னும் அதிகச் சூட்டில் வைத்துக் கார்பன் டை ஆக்ஸைடை ஓடவிட்டால், வாயு கரியை உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்னும். தின்ற இடமெல்லாம் துளை. சாதாரண மைக்ராஸ்கோப்புக்குக்கூடத் தெரியாத துளை. கடைசியில் அமிலத்திலும் தண்ணீரிலும் அலசி உலர்த்தி எடுத்தால், பார்ப்பதற்கு அடுப்புக்கரியை இடித்த பொடி மாதிரித்தான் இருக்கும். உள்ளே எவ்வளவு சுவர் இருக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு. தண்ணீரைச் சுத்தம் செய்ய, வாயுவைப் பிடித்து வைக்க, மின்சாரத்தைச் சேமிக்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சுவர்ப்பரப்புதான் வேண்டும்.

அதை அளக்க ஒரு கருவி இருந்தது. கரியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பல மணி நேரம் சூடாக்கி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, குழாயைத் திரவ நைட்ரஜனில் முக்கி, நைட்ரஜன் வாயுவைக் குடிக்க விடுவோம். எவ்வளவு குடிக்கிறதோ அதை வைத்துப் பரப்பைக் கணக்கிட்டுச் சொல்லும். கருவி சதுர மீட்டரில்தான் சொல்லும். எங்கள் ஆய்வகத்தில் மட்டும் அதைச் சென்ட்டில் சொல்லுகிற வழக்கம் இருந்தது. எங்கள் வழிகாட்டியான மேடம் ஆரம்பித்து வைத்த வழக்கம். கேரளத்தில் நிலத்தைச் சென்ட் கணக்கில்தான் வாங்குவார்கள், விற்பார்கள். மேடமும் ஒரு கிராம் கரியில் எத்தனை சென்ட் கிடைத்தது என்றுதான் கேட்பார். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் போனக்காட்டு மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் இருந்தார்கள், இருந்த அறைகூட எங்களுடையது அல்ல. மற்றவர்கள் பதினெட்டு சென்ட், இருபது சென்ட் என்று பேசிச் சிரிக்கும்போது நானும் கூடச் சிரித்தேன்.

நான் சேருவதற்கு முன்பே அந்த ஆய்வகத்தில் ஒருத்தி அரை ஏக்கர் எடுத்துவிட்டாள். ஐம்பது சென்ட். எந்த ரசாயனமும் சேர்க்காமல், வெறும் சிரட்டையும் வாயுவும் மட்டும் வைத்து, ஒரு கிராமில் அரை ஏக்கர். பொட்டாஷ் போன்ற ரசாயனங்களைக் கலந்துதான் மற்ற இடங்களில் அந்த அளவுக்குப் போவார்கள். அதனால் அது பெரிய விஷயம். நகரத்தின் பழைய கோட்டைக்குள், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அக்கிரகாரத் தெருவிலிருந்து வந்தவள் அவள். பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வகத்திலேயே தங்கி மேடத்தோடு அதைக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அனுப்பிய கட்டுரையைப் பார்த்த ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள், வேறொரு கை இதைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். அந்த வேறொரு கையாகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் ஆய்வுப் பதிவே அந்த அரை ஏக்கரின் மேல் நின்றது.

சிரட்டை ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்குவது. அங்கே மொத்தக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் மூட்டையாகக் கிடைக்கும். பழவங்காடிப் பிள்ளையாருக்கு எறிந்து உடைத்த காய்களின் சிரட்டை, மலிவு. சிதறிய துண்டுகள் தேங்காய்த் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்து, அப்படியே காய்ந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். மூட்டையை அவிழ்த்தால் முதலில் எறும்புதான் வெளியே வரும். அக்காவும் அதே கடையில்தான் வாங்கியிருந்தாள். அவள் எழுதி வைத்திருந்த செய்முறையின் முதல் வரி, நன்கு கழுவிய சிரட்டை என்று ஆரம்பித்தது.

நானும் கழுவினேன். நாரைச் சுரண்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் இன்னொரு முறை அலசி, சூட்டடுப்பில் உலர்த்தினேன். மற்றதெல்லாம் அக்கா எழுதியபடியே. முதல் தடவை கருவி சொன்னது இருபது சென்ட்டுக்கும் குறைவு.

மேடம் எண் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஓய்வுபெற அதிக காலம் இல்லை அவருக்கு. அந்தக் கட்டுரையோடு போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கோபப்படவில்லை. "நன்னாயிட்டு கழுகியோ?" என்று மட்டும் கேட்டார். நன்றாகக் கழுவினாயா என்று அர்த்தம். கழுவினேன் மேடம் என்றேன். இன்னும் ஒருமுறை கவனமாகச் செய்து பார்க்கச் சொன்னார்.

அடுத்த தடவை சிரட்டையைத் தண்ணீரில் கொதிக்க வைத்தே எடுத்தேன். இன்னும் ஒரு சென்ட் குறைந்தது. இந்த முறை அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். "நன்னா அலம்பினியோ?" என்றாள். அவளுக்குத் துளிக்கூடக் கெட்ட எண்ணம் கிடையாது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். விடுதிச் சாப்பாடு வாய்க்கு வழங்காது என்று வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துப் புளியோதரை கொண்டுவருவாள். என் டப்பாவில் மேலே இருந்து போடுவாள், கரண்டி டப்பாவைத் தொடாது. சாப்பிட்ட பிறகு அவளுடைய எவர்சில்வர் டப்பாவை அவள்தான் கழுவ வேண்டும், என்னைத் தொட விடமாட்டாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வாயில் படாமல் குடிப்பாள். ஆய்வகக் கதவுப் பிடியைக்கூட டிஷ்யூவால் பிடிப்பாள். பழக்கம், வேறொன்றும் இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நானும் பழக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் "அலம்பினியோ" என்று கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. எண் குறையக் குறையக் கழுவுதல் கூடியது. மேடம் அமிலத்தில் ஊறப்போடச் சொன்னார், போட்டேன். அக்கா ஸ்பிரிட்டில் அலசச் சொன்னாள், அலசினேன். நகைகளைச் சுத்தம் செய்ய நகைக்கடைகளில் வைத்திருப்பார்களே, அதுபோல் ஒலி அதிர்வில் அழுக்கை உதறுகிற தொட்டி ஒன்று பக்கத்து ஆய்வகத்தில் இருந்தது. கெஞ்சி வாங்கி அதிலும் போட்டு எடுத்தேன். கடைசியில் சிரட்டைப் பொடி, புதிதாகச் சீவிய மரத்தூள் மாதிரி வெளுத்துப்போயிற்று. கரியும் பதினைந்து சென்ட்டுக்கு வந்து நின்றது. அளவுக்கருவியை ஓட்டுகிறவர் பாவம், நல்ல மனிதர், என் காகிதத்தைக் கவிழ்த்து வைத்து நீட்ட ஆரம்பித்தார். யாரோ செத்த செய்தி கொண்டுவந்த மாதிரி இருக்கும்.

எல்லோரும் என் கையில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கருத்தரங்குக்கு வந்தவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, போனக்காட்டிலிருந்து வந்த பெண், கஷ்டப்பட்டு வந்தவள் என்று மேடம் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். ஆனால் எண் சரியாக வராதபோது அதே போனக்காடு ஒரு காரணமாக அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். லயத்து வீட்டில் வளர்ந்தவளுக்குச் சுத்தம் எங்கே தெரியப் போகிறது என்று யாராவது நினைத்தார்களா? எனக்குத் தெரியாது. நினைத்தார்கள் என்று நான் நினைத்தேன். லயத்தில் எங்களுக்குத் தண்ணீர் குறைவுதான், ஆனால் அம்மா தேய்த்து வைத்த பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். அதை இவர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கழுவி முடித்த சிரட்டையைத் திரும்பக் கழுவினேன். ஒரு நாள் அடுப்பில் உலர்ந்துகொண்டிருந்ததை வெளியே எடுத்து மறுபடியும் கழுவினேன், அதை யாரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் என் மதிப்பாய்வு வந்தது. குழு முன்னால் நின்று, இதுவரை செய்ததைக் காட்ட வேண்டும். திருப்தி என்றால் ஆய்வு தொடரும், உதவித்தொகை தொடரும். இல்லை என்றால் பதிவு ரத்து. மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, திரும்பச் செய்துகாட்டுவதுதான் உன் வேலை, அது வராவிட்டால் குழுவிடம் நான் என்ன சொல்ல முடியும் என்று கேட்டார். பயமுறுத்துகிற குரலில் இல்லை, அவரும் களைத்துப் போயிருந்தார். பதிவு போனால் நான் திரும்பிப் போக வேண்டியது மலைக்குத்தான். அம்மா ஏற்கெனவே லயம் முழுக்க மகள் டாக்டர் ஆகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். லீவுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரஷர் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டி, இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடணுமா பின்னால் போடணுமா என்று கேட்பார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர்களுக்கு ஏறாது. கடைசியில் அட்டையை வாங்கிப் படித்துச் சொல்லிவிடுவேன். எந்த டாக்டரும் ஆகாமல் திரும்பி வந்தால் அந்த அட்டைகளை எந்த முகத்தோடு வாங்குவேன்?

உலை எனக்குக் கடைசியாக ஒதுக்கப்பட்ட நாளுக்கு முந்தின நாள் நகரத்தில் பைப் உடைந்து தண்ணீர் நின்றுபோனது. திருவனந்தபுரத்தில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை, பக்கெட்டோடு அலைவார்கள். ஆய்வகத்தில் காய்ச்சி வடிக்கிற கருவியும் ஓடவில்லை. மறுநாள் காலை நான் புது மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எறும்பு வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தது. உலையை அன்று விட்டால் மதிப்பாய்வுக்கு முன்னால் வேறு நாள் கிடையாது. மத்தியானம் குழாயில் புஸ்ஸென்று காற்று வந்து, பிறகு தண்ணீர் வந்தது. தொட்டியில் விழுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

கேட்டும் நான் எழுந்து போகவில்லை. தண்ணீர் இல்லாததால் கழுவவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது உண்மை இல்லை. எனக்கு வெறுத்துப்போயிற்று. இத்தனை நாள் கழுவினேனே, என்ன ஆயிற்று என்று ஒரு கோபம். என் கை சுத்தம் என்று இனிமேல் யாருக்கும் நிரூபிக்கப் போவதில்லை என்று ஒரு வீம்பு. எல்லாவற்றையும்விட அலுப்பு. தோள்பட்டை வலித்தது, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஒட்டுகிற சிரட்டையை அப்படியே உரலில் போட்டு இடித்தேன். எறும்பை மட்டும் ஊதித் தள்ளினேன். அப்படியே கரியாக்கி, அப்படியே வாயுவை விட்டேன்.

உலையைத் திறந்தபோது கரி பாதியாகக் குறைந்திருந்தது. போச்சு, எல்லாம் எரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மிச்சத்தை அமிலத்தில் அலசி, உலர்த்தி, அளவுக்குக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் கருவிக்காரர் காகிதத்தை நிமிர்த்தி வைத்து நீட்டினார். அரை ஏக்கருக்கு மேலே இரண்டு சென்ட்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. தற்செயலோ என்று பார்க்க, ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பங்கு எடுத்தேன், ஒன்றைக் கழுவினேன், ஒன்றைக் கழுவவில்லை. உலை ஒதுக்கப்பட்டிருந்த இன்னொரு மாணவியிடம் கெஞ்சி ஒரு நாளை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டேன். கழுவியது பதினாறு சென்ட். கழுவாதது திரும்பவும் அரை ஏக்கர். தேங்காய்த் தண்ணீரில் பொட்டாசிய உப்பு நிறைய உண்டு. அது சிரட்டையில் ஊறிக் காய்ந்து உட்கார்ந்துகொண்டு, வாயு கரியைத் தின்னும் வேகத்தைப் பல மடங்கு கூட்டியிருக்கிறது. கடைசியில் அமிலத்தில் அலசும்போது உப்பு கரைந்து போய்விடும், அதனால் முடிந்த கரியில் எந்தத் தடயமும் இருக்காது. நாங்கள் மாதக்கணக்காகக் கழுவிக் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தது அந்த உப்பைத்தான்.

அப்படியானால் அக்காவின் அரை ஏக்கர்? அவள் நன்கு கழுவிய சிரட்டை என்றல்லவா எழுதியிருந்தாள்? அவளுடைய முதல் தடவைக் கரியில், வாயு விடுவதற்கு முந்தின நிலையில் எடுத்து வைத்தது கொஞ்சம், ஈரம் படாத கண்ணாடிப் பெட்டிக்குள் குப்பியில் இருந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவிக்குக் கொடுத்தேன். வரைபடம் வந்தது. பொட்டாசியத்தின் கோடு நட்டுக்குத்தாக மேலே நின்றது, என் கழுவாத கரியில் நின்ற மாதிரியே. அவளும் கழுவவில்லை. சந்தேகத்துக்கே இடம் இல்லை.

வரைபடத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு நான் யாரிடமும் பேசவில்லை. மதிப்பாய்வில் பிழைக்க வேண்டுமானால் எனக்கு எண் வந்துவிட்டது என்று காட்டலாம். ஆனால் எப்படி வந்தது என்று கேட்பார்களே. கழுவவில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். இவ்வளவு காலம் அவர்கள் எதைச் சந்தேகப்பட்டார்களோ, எதை நான் இல்லை இல்லை என்று மறுத்தேனோ, அதை. சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகவே போகும், எனக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து இதே தொட்டி முன்னால் நின்று விரல் தேயத் தேயக் கழுவுவாள். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு நல்லதாகப் படவில்லை. தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, எழுந்து குளித்து, இருந்ததில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன்.

குழுவில் வேறு ஊரிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர் ஒருவர் இருந்தார். மேடம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், அக்கா பின் வரிசையில். நான் குறைந்த எண்களையெல்லாம் வரிசையாகக் காட்டினேன், பிறகு அந்த இரண்டு அரை ஏக்கரையும் காட்டினேன். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே என்ன மாற்றினாய் என்று பெரியவர் கேட்டார். சிரட்டையைக் கழுவவில்லை என்றேன்.

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கணத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், இத்தனை நாளும் இவள் இப்படித்தான் செய்திருக்கிறாள் என்று ஓடியிருக்கும். நான் நிறுத்தாமல் உப்பைப் பற்றிச் சொன்னேன், கழுவியதும் கழுவாததுமான ஜோடியைக் காட்டினேன். பெரியவர் முன்னால் சாய்ந்து கேட்டார். உப்பு வாயுவுக்கு உதவும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் இந்த இடத்தில் அதைத் தேடவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது என்றார். பிறகு, அப்படியானால் கட்டுரையில் இருக்கும் முதல் மாதிரி எப்படி வந்தது என்று கேட்டார்.

கோப்பு என் கையில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பதற்றமே இல்லாமல், தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்பது போல. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் அதை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது நான் செய்தது இல்லை சார் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

என்னைத் தேறவிட்டார்கள். ஆய்வைத் தொடரலாம் என்று எழுதினார்கள். கீழே இன்னொரு வரியும் இருந்தது: மாணவி செய்முறைச் சுத்தத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். படித்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டுபிடித்தவள் நான், பிழைத்தும் விட்டேன். கூடவே அழுக்கானவள் என்று கையெழுத்துப் போட்டு முடித்தும் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் மேடம் என்னையும் அக்காவையும் அறைக்குக் கூப்பிட்டார். எண் வந்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான், என்னைத் திட்டவில்லை. ஆனால் உப்புக் கதையை முழுதாக நம்பவில்லை. நன்றாகக் கழுவிய சிரட்டையிலும் அரை ஏக்கர் வந்திருக்கிறதே, அதனால் உன் விஷயத்தில் வேறேதாவது நடந்திருக்கும், கட்டுரை இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். நீ இனிமேல் ஒழுங்காகக் கழுவிச் செய் என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வந்த கோபத்தைக் காட்டக்கூடத் தெம்பு இல்லை. கோப்பைத் திறந்து வரைபடத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இது முதல் மாதிரியின் கரி, குப்பியில் இருந்ததில் எடுத்தது என்றேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பொட்டாசியக் கோட்டின்மேல் விரலை வைத்தார். இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டு மேடம் மெதுவாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நீ அன்னு அது கழுகியோ?" என்று கேட்டார்.

அக்கா பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது அழுவாள் என்று. இரண்டும் இல்லை. அவள் அந்த நாளை நினைத்துப் பார்க்க முயற்சி செய்வது தெரிந்தது. கழுவினோமா, கழுவவில்லையா என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. கழுவாமல் ஒன்றைக் கையில் எடுப்போம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது, அதனால்தான் கழுவியது என்று எழுதியிருக்கிறாள். அரை ஏக்கர் வந்த அன்று இந்த அறையில் எல்லோரும் கைகொடுத்திருப்பார்கள். இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். என்னிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டார்கள்.

அவள் மேடத்தைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். மேடத்துக்குப் புரியாத வீட்டுத் தமிழில், ரொம்பச் சின்னக் குரலில் என்னிடம் கேட்டாள்.

"என்னையா கேக்கறா?"

"ஆமாக்கா," என்றேன். "ஒங்களத்தான்."